ஆணியில் தொங்கிய காப்பிப் பாத்திரம்

ஹமீதாவின் வீட்டுச் சுவரில் ஏழு வருடமாக ஒரு பித்தளைக் காப்பிப் பாத்திரம் ஆணியில் கவிழ்ந்து தொங்கியது. வாரம் ஒருமுறை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்ப்பாள், பளபளவென்று ஆனதும் மறுபடியும் கவிழ்த்து மாட்டிவிடுவாள். வந்தவர்களுக்கெல்லாம் தேநீர்தான். காப்பி கேட்டவர் ஒருவரும் இல்லை. கோம் பத்ரான் கிராமத்தில் அப்படிக் கேட்கிற அளவுக்கு மடையன் எவனும் பிறக்கவில்லை.

அவள் புருஷன் ஸாபிர் அறுபத்தாறில் செத்தான். முறைத் தண்ணீர் யாருக்கு என்ற சண்டையில், மடைவாயில் வைத்து மஹ்ரான் அவனைச் சுட்டான். துக்கம் கேட்க ஊரே திரண்டு வந்தது. ஹமீதா கதவை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"யாரு செத்தா? எங்க வீட்டுல யாரும் சாகல. போங்க, போய் வேலையப் பாருங்க."

தெற்குச் சீமையான இந்தச் சயீது நாட்டில் இது எல்லோருக்கும் விளங்கும். கொலையுண்டவன் வீட்டில் பழி தீரும்வரை பந்தல் கிடையாது, ஓதுதல் கிடையாது, சீனி போடாத துக்கக் காப்பி கிடையாது. செத்தவன் அதுவரை அரைகுறையாகத்தான் செத்தவன். மஹ்ரானோ அடுத்த வருடமே காய்ச்சலில் கட்டிலில் படுத்தபடி போய்ச் சேர்ந்தான். கட்டிலில் சாக அவனுக்கு யார் உரிமை கொடுத்தது என்று ஹமீதா ஒரு வாரம் வாய் ஓயாமல் ஏசினாள். பழி அவனுடைய ஒரே மகன் கினாவியின் தலையில் விழுந்தது. இந்தப் பக்கம் அதைத் தீர்க்க வேண்டியவன் ஹமீதாவின் ஒரே மகன் பகீத்.

அதுதான் அவளுடைய கவலையே. பகீத் ஆள் எருமைக் கிடா மாதிரி இருப்பான், கோபம் மட்டும் வராது. வைதால் சிரிப்பான். அடித்தால், "கை வலிச்சிருக்குமே அம்மா" என்பான். அவனுக்குப் பிடித்தது தண்ணீர் ஒன்றுதான். தை மாதம் வாய்க்கால் அடைத்து ஊரே தூர் வாரும்போது, எல்லோரும் இடுப்பு ஒடிய மண்வெட்டி பிடிப்பார்கள். இவன் மேல்முனையில் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கிவைத்து, எந்த இடத்தில் எவ்வளவு அகலம் திறக்க வேண்டும் என்று அரை நாள் குந்திப் பார்ப்பான். பிறகு ஒரே வெட்டு. தண்ணீர் பாய்ந்து, பத்து ஆள் ஒரு நாளில் அள்ளும் சேற்றை ஒரு நாழிகையில் வாரிக்கொண்டு போய்விடும். அதற்கு ஊர் அவனுக்குக் கொடுத்த பட்டம், "கை நோகாம கரை வெட்டுற மகராசன்."

எழுபதில் அவனுக்குப் பட்டாளத்து அழைப்பு வந்தது. சந்தைத் திடலில் லாரி நின்றது. ஏறப்போகிறவர்கள் வரிசையில் ஹமீதா பார்த்தாள்: பகீத்துக்கு ஐந்தாறு பேருக்குப் பின்னால் கினாவி. ஒல்லிக்குச்சி, ஊர்ப் பள்ளி முடித்து டவுனில் ஒன்பதாவது வரை படித்தவன். ஹமீதாவுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. மகன் தலைப்பாகையைச் சரிசெய்கிற சாக்கில் காதருகே குனிந்தாள்.

"பாத்தியாடா, படைச்சவனே கொண்டுவந்து உன் கையில குடுத்திருக்கான். சண்டை நடக்கிற இடத்துல யாரு சுட்டதுன்னு எவனும் கேக்க மாட்டான். முடிச்சதும் ஒரு வரி எழுதிப் போடு. நான் காப்பி வெக்கிறேன்."

"சரிம்மா" என்றான் பகீத். அவன் எல்லாவற்றுக்கும் சொல்கிற பதில் அதுதான்.

அவனுக்கு எழுதத் தெரியாது. ஆனாலும் மாதம் ஒரு கடுதாசி தவறாமல் வந்தது. யாரோ படித்த புண்ணியவான் கூட இருக்கிறான் என்று ஹமீதா நினைத்துக்கொண்டாள். அவளுக்கு வாசித்துக் காட்டியவர் முனீர் வாத்தியார். வடக்கே டெல்டாப் பக்கத்துக்காரர், இந்த ஊருக்கு வந்து பதினோரு வருடமாகியும் துப்பாக்கியைப் பார்த்தால் கால் நடுங்குகிறவர். முதல் கடுதாசியைப் பிரித்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"என்ன வாத்தியாரே, ஏதும் கெட்ட சேதியா?"

"இல்ல பகீத்தம்மா. கண்ணுல தூசி."

ஹமீதா கடுதாசியைக் கையில் வாங்கி முதல் வரியைத் தடவிப் பார்த்தாள். "இதுல எது அம்மா?" என்று கேட்டாள். வாத்தியார் தொட்டுக் காட்டினார். சின்ன எழுத்துதான். கடைசியில் ஒரு வால், வளைந்து கீழே இறங்கி, அடுத்த வரி வரைக்கும் வந்து, முனையில் ஒரு சுழி. அன்றிலிருந்து எந்தக் கடுதாசி வந்தாலும் வாத்தியாரிடம் கொடுப்பதற்கு முன் அந்த வாலை ஒருமுறை விரலால் தொட்டுக்கொள்வாள். மகன் கன்னத்தைத் தொட்ட மாதிரி இருக்கும்.

அவள் சொல்லச் சொல்ல வாத்தியார் பதில் எழுதுவார். "ரொட்டி அனுப்பியிருக்கேன், வெயில்ல பொங்கவெச்ச நம்மூரு ரொட்டி, பல்லுக்கு நல்லா இருக்கும்னு எழுதுங்க. எழுதிட்டீங்களா? இப்போ கேளுங்க. மஹ்ரான் பெத்த ஓணான் இன்னும் மூச்சு விடுதா? நான் காப்பி வெக்கலாமா?"

வாத்தியார் பேனாவை நிறுத்துவார். "ஓணான்னே எழுதவா?"

"பின்னே, ஒட்டகம்னா எழுதுவீங்க? எழுதுங்க."

பதில் வரும். "அம்மா, நலம். பட்டாளத்து ரொட்டி செங்கல்லுக்குத் தம்பி. உன் ரொட்டியை இங்கே எல்லோரும் பிடுங்கித் தின்றுவிட்டார்கள். என்ன வேலை என்று எழுதக்கூடாதாம். ஆனால் ஊரில் எதற்கு ஏச்சு வாங்கினேனோ, அதற்கு இங்கே முதுகில் தட்டிக்கொடுக்கிறார்கள். நீ கேட்டதற்கு இன்னும் வேளை வரவில்லை."

மூன்று வருடம் இதே பாட்டு. லீவில் வரும்போது நேரிலேயே கேட்டுப் பார்த்தாள். எழுபத்துமூன்று கோடையில் வந்தவன், வெண்டைக்காய்க் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்து விழுங்கிக்கொண்டிருந்தான்.

"உங்கப்பன் ஏழு வருசமா கண்ண மூடாம கெடக்கான். நீ வாய மூடாம தின்னுக்கிட்டிரு."

"வேளை வரணும்லம்மா."

"வேளை என்ன வேளை! மூணு வருசமா ஒரே கொட்டாயில படுக்கிறீங்க. ஒரு ஓணான அடிக்க நல்ல நேரமா பாப்பாங்க?"

பகீத் சிரித்து, புரையேறி, கண்ணில் நீர் வழிய இருமினான். "அவன் அவ்வளவு மோசமில்லம்மா" என்றான். ஹமீதா கையிலிருந்த அகப்பையை வீசினாள். கதவில் பட்டு விழுந்தது. அதை எடுத்துக் கழுவி அவள் கையிலேயே கொடுத்துவிட்டு வயலுக்குப் போனான். அதுதான் அவள் மகனைக் கடைசியாகப் பார்த்தது.

நோன்பு மாதம் பிறந்து பத்து நாள் கழிந்தபின் ஒரு கடுதாசி வந்தது. எழுதி இரண்டு வாரம் ஆகியிருந்தது. வாத்தியார் வாசிக்கும்போது குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"அம்மா, வேளை வந்துவிட்டது. நோன்புப் பெருநாள் கழிந்ததும் அப்பாவுடைய காப்பியை வறுத்து வை. முதல் கோப்பையை நான் அனுப்புகிற ஆளுக்கு உன் கையால் கொடு."

ஹமீதா அதற்கு மேல் கேட்கவில்லை. கூரைமேல் ஏறி நின்று குலவையிட்டாள். ஊர் மொத்தமும் வாசலுக்கு வந்து பார்த்தது. கினாவி தீர்ந்தான், என் மகன் ஆண்பிள்ளை! அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. குலவையே சொல்லிவிட்டது. அதற்குள் ரேடியோவில் யுத்தச் செய்தியும் வந்துவிட்டிருந்தது: நம் பட்டாளம் கால்வாயைத் தாண்டிவிட்டது, எதிரிகள் எழுப்பிய மணல் மலை உடைந்துவிட்டது என்று. ஊரே ரேடியோவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு சந்தோஷமும் ஒரே வாரத்தில் வந்தால் எந்த வீடு தாங்கும்?

தாங்கவில்லை. பெருநாள் முடிந்த ஒன்பதாம் நாள் ஊர்த்தலைவர் ஒரு தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஹமீதாவுக்குத் தெரிந்துவிட்டது. படைவீரர் பகீத் ஸாபிர் நாட்டுக்காக உயிர் கொடுத்தார். உடலை அங்கேயே அடக்கம் செய்தாகிவிட்டது.

அவள் அழுதாள். அதை மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? மூன்று நாள் ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. வீசிய அகப்பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நாலாம் நாள் எழுந்து முகம் கழுவினாள். புருஷனின் தம்பி ஹரீதியைக் கூப்பிட்டாள்.

"வெள்ளிக்கிழமை பந்தல் போடு, ஹரீதி. உங்க அண்ணனுக்கும் சேர்த்து. என் மகன் சொன்ன வேலைய முடிச்சுட்டுத்தான் போயிருக்கான்."

"ஆமா மதினி. சிங்கக்குட்டி" என்றான் ஹரீதி. அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அசர் தொழுகை முடிந்து ஆண்கள் பந்தலில் நிறைந்துவிட்டார்கள். ஆணியிலிருந்து பாத்திரம் இறங்கியது. முற்றத்து அடுப்பில் காப்பித்தூள் கொதித்து நுரை மேலே வந்த நேரம், பந்தலில் ஓதிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். ஹமீதா கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

வெறுங்காலோடு ஒருவன் வந்துகொண்டிருந்தான். பட்டாளத்துச் சட்டை, ஒரு கால் தாங்கித் தாங்கி நடை. நீட்டிய இரண்டு கைகளின்மேல் மடித்த வெள்ளைத் துணி. கஃபன் துணி, பிணத்துக்குச் சுற்றுவது. 'இதோ என் உயிர், எடுத்தாலும் சரி, விட்டாலும் சரி' என்று பழி தீர்க்க வேண்டியவர்களின் வீட்டுக்கு வருகிறவன் ஏந்தி வருவது. பெரியவர்கள் பத்து மாதம் பேசி, நாள் குறித்து, போலீசை வைத்துச் செய்கிற காரியம். ஒருத்தன் தன்னந்தனியாக இப்படி வருவதை யாரும் கண்டதில்லை.

கினாவி.

ஊருக்கு ஒரே நொடியில் ஒரே எண்ணம்தான் ஓடியது. இவன் உயிரோடிருக்கிறான், பகீத் செத்துவிட்டான். அப்படியென்றால் யார் யாரை முடித்தது? ஹரீதி பந்தல் கம்பத்தில் சாய்த்து வைத்திருந்த துப்பாக்கியை எடுத்துவிட்டான்.

"அப்பன் எங்க அண்ணன! மகன் எங்க புள்ளையயா? இப்போ துணிய வேற தூக்கிட்டு வர்றியாடா!"

கினாவி நிற்கவில்லை, ஓடவும் இல்லை. துப்பாக்கி உயர்ந்தது. அப்போது நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் பாய்ந்து குறுக்கே நின்றார். கோம் பத்ரானில் யார் வேண்டுமானாலும் பாய்வார்கள், இவர் பாய்வார் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். முனீர் வாத்தியார். கண்ணாடி ஒரு காதில் தொங்கியது.

"சுடாதீங்க! சுடாதீங்கய்யா! கடுதாசி எல்லாம் இவன் எழுதுனது! மூணு வருசமா இவன்தான் எழுதுனான்! எங்கிட்ட படிச்ச பய, அந்த வாலுக்காக எத்தன அடி குடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"வாத்தியாரே, தள்ளு" என்றான் ஹரீதி.

"தள்ள மாட்டேன். பயந்துக்கிட்டு மூணு வருசம் வாய மூடிட்டேன். இன்னிக்கும் மூடுனா நான் மனுசனில்ல."

பெண்கள் ஆண்களின் பந்தலுக்குள் வருவதில்லை. ஹமீதா வந்தாள். அடுப்பிலிருந்து எடுத்த கரித்துண்டு ஒன்று கையில் இருந்தது. அதைக் கினாவியிடம் நீட்டி, சுண்ணாம்பு பூசிய சுவரைக் காட்டினாள்.

"எழுது. என் மகன் கடுதாசில முதல்ல என்ன இருக்குமோ அத எழுது."

கினாவி துணியை இடது தோளில் போட்டுக்கொண்டு எழுதினான். சின்ன எழுத்துதான். கடைசியில் வால், வளைந்து கீழே இறங்கி, முனையில் சுழி. ஹமீதா கிட்டே போய் அந்த வாலை விரலால் தொட்டாள். மூன்று வருடமாகத் தொட்ட வால். அவளுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் இது தெரியும்.

"அப்போ நான் எழுதினதெல்லாம்?"

"நான்தான் வாசிச்சேன்."

"ஓணான்னு எழுதினேனே, அதுவுமா?"

"ஓணான், கழுதை மூஞ்சி, மஹ்ரான் போட்ட முட்டை. ஒரு மாசம் எதுவுமே திட்டல. அன்னிக்கு பகீத்துக்குப் பயமாப் போச்சு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோன்னு."

பந்தலில் யாரோ பொத்துக்கொண்டு சிரித்துவிட்டார்கள். துக்கப் பந்தலில் சிரிப்பா என்று பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்தார். அவருக்கும் உதடு நிற்கவில்லை.

"ஹரீதி, அத கீழ போடு" என்றாள் ஹமீதா. பிறகு கினாவியிடம், "சொல்லு. எல்லாத்தயும் சொல்லு. அவன் எப்படிப் போனான்?"

"மொதல்ல கடுதாசியச் சொல்லிடறேன். எங்களுக்கு மணல் கரைக்கிற வேலை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் அவங்க எழுப்புன மணல் மேடு, ரெண்டு பேரீச்ச மரம் ஒசரம். குண்டு போட்டாலும் சரிஞ்சு மூடிக்கும். தண்ணிய பீச்சித்தான் வெட்டணும். வேற ஒரு வாய்க்கால்ல அதே மாதிரி மேடு கட்டி வருசக்கணக்கா பழகுனோம். குழாய்ல தண்ணி வந்தா காளை மாதிரி துள்ளும், ஒருத்தன் புடிக்க முடியாது. அவன் முன்னால, நான் பின்னால. ஒரு நாள் மேடு சரிஞ்சு என்மேல விழுந்துச்சு. கழுத்து வரைக்கும், அப்புறம் தலைக்கு மேல. பக்கத்துல அவன் ஒருத்தன்தான்."

கினாவி கரியைக் கீழே வைத்துவிட்டு, தோண்டுவதுபோல் கையைக் காட்டினான்.

"கையாலயே தோண்டி இழுத்துப் போட்டான். நகமெல்லாம் பேந்து ரத்தம். உக்காந்து மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னான்: 'கினாவி, நான் சும்மா நின்னிருந்தாப் போதும், எங்கம்மா இன்னிக்கே காப்பி போட்டிருப்பா. எண்ணி மூணு வரைக்கும் நின்னும் பாத்தேன்டா. முடியல. உன் உயிரு என் கைக்கு வந்துச்சு, நான் திருப்பிக் குடுத்துட்டேன். இதுக்கு மேல என்ன பழி? கடுதாசி எடு, எழுது.' பெருநாள் லீவுக்கு ரெண்டு பேரும் வர்றதா இருந்தோம். நீ துணிய ஏந்து, நான் முன்னால நடக்கிறேன், சித்தப்பா சுட்டா மொதல்ல என்னத்தான் சுடணும்னான். இன்னிக்கு முன்னால நடக்க ஆளில்ல. ஆனா வர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

ஹரீதி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அந்த நாள்?" என்றாள் ஹமீதா.

"நோன்பு பத்தாம் நாள். மத்தியானம் படகுல போனோம். குண்டு மழை. அவன் மேட்ட பாத்துட்டு, நம்மூரு வாய்க்கால்ல குந்துவானே, அதே மாதிரி ரெண்டு நிமிசம் குந்திட்டான். ஆபீசர் கத்துறாரு. இவன், 'சத்தம் போடாதீங்கய்யா, இந்தப் பக்கம் மண்ணு இளக்கம், இங்க அடிங்க'ன்னான். அடிச்சோம். மூணு மணி நேரம், நாலு மணி நேரம். மலை மாதிரி மண்ணு கஞ்சியா எறங்குது! கண்ணு, மூக்கு, வாய் எல்லாம் சேறு. சூரியன் எறங்கி நோன்பு தெறக்கிற நேரம், வெட்டு அந்தப் பக்கம் தொறந்துச்சு. அப்புறம் வானம் தெரியுது. அவன் குழாய விட்டுட்டு குதிக்கிறான். 'பாத்தியாடா! கை நோகாம கரை வெட்டிட்டேன்டா! ஊருக்கு எழுதுடா!'ங்கிறான். வாயில இருந்த சேத்துத் தண்ணியிலதான் நாங்க நோன்பு தெறந்தோம். அந்த வெட்டு வழியாத்தான் டாங்கியெல்லாம் ஏறிப் போச்சு, ஒண்ணு பின்னால ஒண்ணா, கல்யாண ஊர்வலம் மாதிரி."

பந்தலில் நூறு பேர் இருந்தார்கள். பின்வரிசைக்காரர்கள் எழுந்து முன்னால் வந்து நின்றார்கள்.

"மறுநாள் காலையில வெட்டோட ஓரம் சரிஞ்சு லாரி ஒண்ணு மாட்டிக்கிச்சு. கரைச்சு விடலாம்னு போனோம். வெமானம் வந்துச்சு. எனக்குக் கால்ல. அவனுக்கு நெஞ்சுல. ஒரு வார்த்தையும் பேசல, வலியும் தெரிஞ்சிருக்காது. அவன் வெட்டுன வழி ஓரத்துலயே வெச்சோம். போற லாரியெல்லாம் அவனத் தாண்டித்தான் போகுது அம்மா."

சொல்லிவிட்டுத் தடுமாறினான். "மன்னிச்சுக்குங்க. மூணு வருசமா அம்மான்னு எழுதி எழுதி, வேற எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல."

ஹமீதா முற்றத்துக்குப் போனாள். போனவள் வரவில்லை, ஊர் காத்திருந்தது. ஹரீதியின் கையில் துப்பாக்கி இன்னும் இருந்தது. கினாவி துணியைத் தோளிலிருந்து எடுத்து, மறுபடியும் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றான்.

அவள் திரும்பி வந்தபோது ஒரு கையில் பித்தளைப் பாத்திரம், மறு கையில் ஒரு கோப்பை. நேராகக் கினாவியிடம் நடந்தாள். அவனுடைய இரண்டு கைகளிலும் துணி இருந்ததால் கோப்பையை வாங்க வழியில்லை. "ஹரீதி, இவன் கையில இருக்கிறத வாங்கு" என்றாள். வாங்க வேண்டுமானால் ஹரீதி துப்பாக்கியைக் கீழே வைத்தாக வேண்டும். வைத்தான்.

"குடி" என்றாள். "முதல் கோப்பை. என் மகன் அனுப்புன ஆளுக்கு."

கினாவி குடித்தான். பாதி தாடியில் வழிந்தது.

"கசக்குதா?"

"கசக்குதும்மா."

"கசக்கட்டும். ஏழு வருசக் காப்பி."

பிறகு பந்தலைப் பார்த்துத் திரும்பினாள். அவள் குரல் அன்றைக்கு வாய்க்காலுக்கு அக்கரை வரை கேட்டது என்பார்கள். "எல்லாரும் கேட்டுக்குங்க. என் புருஷன் செத்துட்டான், என் மகனும் செத்துட்டான். இப்போ துக்கம் கேக்கலாம், வாங்க. ஒரு மலையக் கரைச்சவனப் பெத்தவ நான். அந்த மலையோட சேத்து இந்தப் பழியையும் கரைச்சுட்டுப் போயிட்டான். இனி ஒருத்தன் இந்த வீட்டுப் பேரச் சொல்லித் துப்பாக்கியத் தூக்குனா, அவன் எனக்குக் கொழுந்தனுமில்ல, உறவுமில்ல."

ஹரீதி வெள்ளைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். "இத என்ன செய்யட்டும் மதினி?"

"மடிச்சு என் பெட்டியில வை. நல்ல துணி, வீணாக்காத. நான் போகும்போது எனக்கு ஆகும்." கினாவியின் பக்கம் தலையை ஆட்டினாள். "தலைமாட்டுல இவன்தான் தோள் குடுக்கணும். மகன் இருக்கிற வீட்டுல வேற யாரும் குடுக்கக் கூடாது."

அன்றைக்கு எத்தனை கோப்பை ஊற்றினாள் என்று யாரும் எண்ணவில்லை. பொழுது சாயும்போது பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். ஆணியைச் சுவரிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டு, பாத்திரத்தை அடுப்படியிலேயே நிமிர்த்தி வைத்தாள்.